அடிக்கு 197 ரூபாய்: நான் போட்ட கம்பி வேலியின் கணக்கு

வேலி போட எவ்வளவு ஆகுமுங்க என்று கேட்டு மாதத்துக்கு நாலு பேராவது வந்துவிடுகிறார்கள். நிலம் வாங்கிய கையோடு எல்லோருக்கும் வருகிற முதல் யோசனை அதுதான். கிணறு, மரம், மண்ணெல்லாம் அப்புறம். முதலில் நாலு பக்கமும் கம்பி கட்டி, ஒரு கேட்டு போட்டு, பூட்டுத் தொங்கவிட்டால்தான் நிலம் நம்முடையது என்ற நினைப்பே வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. வங்கியில் முப்பத்தைந்து வருசம் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றேன். மூலனூர் பக்கம் அப்பாரு காலத்து நிலம் என் பங்குக்கு மூன்று ஏக்கர். ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, மீதி முருங்கை. வேலிக்குச் செலவு செய்த பணம் எவ்வளவு, அதில் உருப்படியானது எவ்வளவு, பாழானது எவ்வளவு என்று ரசீதுகளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பணம் மட்டும் பாழாகவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. மேலாளராக இருந்தபோது நில மேம்பாட்டுக் கடனில் வேலிக்கு எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விலைப்புள்ளி இருக்கிறதா, சிட்டா இருக்கிறதா, வில்லங்கம் பார்த்தாச்சா என்று கேட்பேன். ஒருத்தரிடமும் "உங்க நிலத்தோட சுற்றளவு எத்தனை அடி" என்று கேட்டதில்லை. வேலிக்குக் காசு ஏக்கருக்கு ஆவதில்லை, சுற்றளவுக்கு ஆகிறது. இந்தச் சின்ன விசயம் எனக்கே சொந்தப் பணம் போகும்போதுதான் உறைத்தது.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்று ஏக்கர் சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 361 அடி, சுற்றளவு 1,446 அடி வரும். என் நிலம் பாகம் பிரித்ததில் ரிப்பன் மாதிரி நீண்டுவிட்டது. அகலம் 198 அடி, நீளம் 660 அடி. பழைய சங்கிலிக் கணக்கில் மூன்று சங்கிலிக்குப் பத்து சங்கிலி. பரப்பு அதே மூன்று ஏக்கர்தான், சுற்றளவு 1,716 அடி. வடிவம் காரணமாக மட்டும் 270 அடி வேலி கூடுதல். பாகப்பிரிவினையில் நீளவாக்கில் கோடு கிழிக்கும்போது இந்தச் செலவை யாரும் நினைப்பதில்லை.

விலைப்புள்ளி வாங்கியது 2022 ஆடியில். இரண்டு பேரிடம் வாங்கினேன். ஒருவர் கம்பி வலையைச் சதுர அடிக் கணக்கில் சொன்னார்: 12 கேஜ், 3 அங்குலக் கண், வரி உட்பட சதுர அடி 9 ரூபாய். இன்னொருவர் எடைக் கணக்கில்: கிலோ 92 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. ஐந்தடி உயரத்துக்கு 8,580 சதுர அடி வலை வேண்டும். முதலாமவர் கணக்கில் 77,220 ரூபாய். இரண்டாமவர் கணக்கில் வலைக்கு மட்டும் வரியோடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. நான் யாரிடம் போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

லாரி வந்தது. சுருளை இறக்கியவர்களில் ஒரு பெரியவர், "ஏனுங்க, இது ரொம்ப லேசா இருக்குதுங்களே" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே கட்டியிருப்பேன். மகனிடம் கிடந்த வெர்னியரை எடுத்து அளந்தால் கம்பி 2 மில்லிமீட்டர்தான் இருந்தது.

கேஜ் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர். 12 கேஜ் 2.64. 14 கேஜ் 2.03. பார்வைக்கு 12-க்கும் 14-க்கும் வித்தியாசம் தெரியாது. எடையில் தெரியும். கம்பியின் எடை அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 14 கேஜ் கம்பி 12 கேஜில் ஐந்தில் மூன்று பங்கு எடைதான் இருக்கும். ஐந்தடி உயரம், ஐம்பதடி நீளம், மூன்றங்குலக் கண் உள்ள ஒரு சுருள் 12 கேஜில் ஏறக்குறைய 29 கிலோ நிற்க வேண்டும். 10 கேஜ் என்றால் 44 கிலோ. எனக்கு வந்த சுருளைத் தேங்காய் நிறுக்கும் தராசில் போட்டால் 17 கிலோ காட்டியது. அந்தக் கணக்கில் மொத்த வலையும் 600 கிலோகூட வராது. 77,220 ரூபாயை அதால் வகுத்தால் கிலோ 130 ரூபாய் ஆகிறது. சல்லிசு என்று நினைத்தது வரியோடு 108 ரூபாய் ஆகும் எடைக் கணக்கைவிட விலை அதிகம்! வலையைச் சதுர அடிக்கோ ஓடும் அடிக்கோ விலை பேசாதீர்கள். எடைக்குப் பேசுங்கள், எடைமேடைச் சீட்டு கேளுங்கள், கையில் வெர்னியர் வைத்துக்கொள்ளுங்கள். லாரியைத் திருப்பி அனுப்பினேன். அட்வான்ஸ் போனது போனதுதான்.

இரண்டாமவரிடம் போனேன். கடைசியில் ஆன செலவு இது. எட்டடிக்கு ஒரு கல்லுக்கால் என்று 215 கால். மூலைக்கு இரண்டு, பத்துக் காலுக்கு ஒரு இடத்தில் இரு பக்கமும், கேட்டுக்கு இரண்டு என்று முட்டுக்கால் 50. ஆக 265 கால், ஏழடிக் கல், இடத்துக்கு வந்து சேர 380 ரூபாய் வீதம் 1,00,700. குழி தோண்டி நட்டது காலுக்கு 160 வீதம் 42,400. வலை 1,000 கிலோ, மேலே இரண்டு வரிசை முள்கம்பியும் நடுவே இழுவைக் கம்பியும் கட்டுக்கம்பியும் சேர்த்து 230 கிலோ, வரியோடு 1,33,529. வலை இழுத்துக் கட்டிய கூலி அடிக்கு 12 ரூபாய் வீதம் 20,592. பன்னிரண்டடி கேட்டு 24,000. மூலைக்கால்களுக்குச் சிமெண்டும் ஜல்லியும் 8,500. வண்டி வாடகை, இறக்குகூலி 9,000. மொத்தம் 3,38,721 ரூபாய். அடிக்கு 197.

முட்டுக்காலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விலைப்புள்ளியிலும் பலர் எழுதுவதில்லை, வேலை பாதியில் நிற்கும்போதுதான் சொல்வார்கள். கேட்டும் அப்படித்தான்.

இன்னொரு கணக்கு, இது வங்கிக்காரன் புத்தி. அந்தப் பணத்தை வைப்புநிதியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் வருசம் 23,700 வந்திருக்கும். வேலிக்கு ஆயுசு 15 வருசம் என்று வைத்தால் தேய்மானம் வருசத்துக்கு 22,600. இரண்டும் சேர்த்து 46,300. மூன்று ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு 15,400 ரூபாய். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கு அந்தக் குத்தகை கொடுக்க ஆள் கிடையாது. அதாவது என் நிலத்தில் எனக்கு முன்னால் வேலி குத்தகைக்கு உட்கார்ந்துவிட்டது. இதை நான் வேலி போடும் முன்னாலேயே கணக்குப் போட்டேன். போட்டும் கட்டினேன். ஏன் கட்டினேன் என்பதில்தான் கதை இருக்கிறது.

மேற்கு வேலி

எங்கள் பக்கத்துக் காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், அந்தப் பக்கம் கரூர் வரைக்கும் கொரங்காடுகள். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், மேய்கிற மாடு, சுற்றிலும் கிளுவை வேலி. கோடையில் இலை கொட்டி எலும்புக்கூடு மாதிரி நிற்கும். நாலு தூறல் விழுந்தால் ஒரு வாரத்தில் பச்சை. காங்கேயம் காளையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தக் காளையை உள்ளே நிறுத்தி வைத்த வேலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் நிலத்தின் மேற்குப் பக்கம் 660 அடிக்கும் கிளுவை வேலி இருந்தது. அப்பாரு போத்து நட்டது. அந்தப் பக்கம் என் பெரியப்பா மகன் நிலம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஊர் ஊராக மாற்றலாகிச் சுற்றிய காலமெல்லாம் இரண்டு பக்கத்தையும் அவர்தான் கவாத்து பண்ணி, இடைவெளிக்கு முள் அடைத்து, வேலியை வேலியாக வைத்திருந்தார். அதற்கு நான் ஒரு நாள் கூலிகூடக் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

கம்பி வேலிக்கு முன்னால் சர்வே பண்ணிவிடலாம் என்று மனுக் கொடுத்தேன். அது சரியான காரியம்தான், இப்போதும் சொல்வேன், புலப்படம் வைத்து அளந்து கல் போடாமல் யாரும் நிரந்தர வேலி போடக்கூடாது. அளந்ததில் கிளுவை வேலி என் எல்லைக்குள் மூன்றடி தள்ளி நிற்பது தெரிந்தது. 660 அடிக்கு மூன்றடி என்றால் நாலரை சென்ட். இத்தனை நாள் என் நாலரை சென்ட் அண்ணன் பக்கம் கிடந்திருக்கிறது. அதைக் கேட்ட நிமிடம் எனக்குள்ளே என்னவோ புகுந்துகொண்டது. மூன்றடி அகலத்தில் ஒரு வரிசை முருங்கைகூட வைக்க முடியாது. ஆனாலும் அது என்னுடையது.

அண்ணன் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அன்றைக்கு ஜே.சி.பி. வரச் சொன்னேன். நாள் தற்செயலாக அமையவில்லை. அவர் இருந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வேலை நிற்கும் என்று தெரிந்தேதான் அந்த நாளைச் சொன்னேன். மணிக்கு 1,200 ரூபாய், நாலு மணி நேரம். 4,800 ரூபாயில் அப்பாரு நட்ட வேலி வேரோடு ஒரு மேடாகக் குவிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு கௌதாரி குஞ்சுகளோடு ஓடியதை மெஷின் ஓட்டிய பையன் நிறுத்திக் காட்டினான். "ஓட்டுப்பா" என்றேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தம்பி, மூணடி வேணும்னா என்றகிட்டச் சொல்லியிருந்தா நானே தள்ளிக் குடுத்திருப்பேன். வேலி என்ன பண்ணுச்சு?"

நான் புலப்படத்தை எடுத்துக் காட்டப் போனேன். அவர் பார்க்கவில்லை. அதோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்தது நின்றுவிட்டது.

கம்பி என்ன செய்தது, என்ன செய்யவில்லை

புரட்டாசிக்குள் வேலி முடிந்துவிட்டது. பார்க்க அழகு. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் ஆறு மாதம் நன்றாகவே வேலை செய்தது. ரோட்டோரம் மேய்கிற மாடு உள்ளே வரவில்லை. தேங்காய் பொறுக்குவது நின்றது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மயில் வந்தது. மயிலுக்கு ஐந்தடி வேலி என்பது உட்கார்ந்து இளைப்பாற ஒரு மேடை. கம்பிக்கு மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு எந்தப் பாத்தியில் முதலில் இறங்கலாம் என்று யோசிக்கும். முயல் கண்ணுக்குள் நுழையவில்லை, ஆனால் சுக்கான் கல் இல்லாத இடமாகப் பார்த்து அடியில் பறித்துக்கொண்டு வந்தது. காட்டுப்பன்றி எங்கள் பக்கம் குறைவு. ஆனால் மலையடிவாரத்து நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: அடியில் புதைக்காத வலையைப் பன்றி மூக்கால் தூக்கிவிடும், பிறகு வலை இருந்தும் இல்லாத கணக்கு.

பன்றிக்காக வேலியில் நேரடியாக மின்சாரம் விடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது குற்றம். மனிதர்கள் செத்திருக்கிறார்கள், யானைகள் செத்திருக்கின்றன. சூரியசக்தி மின்வேலி வேறு. அது விட்டு விட்டுத் துடிப்பாக அடிக்கும், உதறிவிடும், கொல்லாது. அதற்கு வேளாண் பொறியியல் துறை மூலம் மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த வருசம் நிதி இருக்கிறதா என்று உங்கள் உபகோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டோர நிலமென்றால் 2023-ல் வந்த விதிகளின்படி வனத்துறை அனுமதியும் பதிவும் வேண்டும். கம்பியில் புல் படாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் அந்த வேலைக்குப் போங்கள். புல் பட்டால் மின்சாரமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

எனக்கு அடி விழுந்தது விலங்குகளால் அல்ல, காற்றால். எங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி என்பதைச் சுற்றிலும் நிற்கிற காற்றாலைகளே சொல்லும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருவது நிற்காமல் அடிக்கும். அதுவரைக்கும் அந்தக் காற்று என் முருங்கைக்கு நேராக வந்ததில்லை, நடுவில் ஆள் உயரத்துக்குக் கிளுவை நின்றது. 2023 ஆடியில் நடுவில் இருந்தது மூன்றங்குல ஓட்டைகள். முருங்கை மரத்தின் கிளை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், கோபமாகப் பார்த்தாலே முறியும். மேற்கு ஓரத்து மூன்று வரிசையில் எழுபது மரம் கிளை முறிந்தது. பூ முழுக்க மண்ணில். அந்தப் போகம் காய் எடுக்கவில்லை.

அப்போதாவது நின்று யோசித்திருக்கலாம். நான் பச்சை வலை வாங்கி வந்தேன். மேற்கே 300 அடிக்குக் கம்பி வேலி மேலேயே இழுத்துக் கட்டினேன். காற்றைத் தடுக்கிறேனாம். ஓட்டையாக இருந்தவரை காற்று வேலிக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. துணி கட்டியதும் அது பாய்மரம் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் ராத்திரி பதினொரு கால் சாய்ந்தது, நாலு கால் தரைமட்டத்தில் மளுக்கென்று முறிந்தது. கல் எத்தனை பாரம் வைத்தாலும் தாங்கும், வளைக்கிற விசையைத் தாங்காது. தவிர இரண்டடிக் குழி என்று கூலி வாங்கியவர்கள் சுக்கான் வந்த இடத்தில் ஒன்றேகாலடியோடு நிறுத்தியிருந்தார்கள். அது முறிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கால் நடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், நான் கேட்டு வெல்டிங் பார்க்கப் போயிருந்தேன்.

விடியற்காலம் போய்ப் பார்த்தபோது அண்ணன் தன் பக்கத்தில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சாய்ந்த வேலியை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

திரும்ப நட்டது

2024 மாசியில் மேற்கு வேலியை நானே கழற்றினேன். மூன்றடியை விட்டுவிட்டு, பழைய வேலி நின்ற அதே கோட்டில் கிளுவை நடுவது என்று முடிவு. போத்துக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றி நல்ல கிளுவை வேலி மிச்சம் இருப்பது அண்ணன் நிலத்தின் மறுபக்கத்தில்தான். நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. நங்கையிடம் (அண்ணன் சம்சாரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்க் கேட்டேன். "அவுரு கவாத்து பண்ணோணும்னு சொல்லிட்டுத்தான் இருக்காரு. வந்து வெட்டிக்குங்க" என்றார். அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொன்னாரா, கேட்காமல் சொன்னாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

கட்டைவிரல் பருமனுக்கு மேல், மணிக்கட்டுப் பருமனுக்குள், நாலடி நீளப் போத்து. இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு அடிக்கு ஒன்று, மாற்றி மாற்றி. ஆக 1,320 போத்து. அவசரத்தில் முதல் இரண்டு நாள் வெட்ட வெட்ட நட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னிடம் இல்லை, என்னோடு இருந்த வேலையாளிடம் சொன்னார்: "பச்சைப் போத்து அழுகிப் போகுமப்பா. வெட்டுன வாய் காயட்டும். நெழல்ல ஒரு வாரம் போடு." மீதியை அப்படியே செய்தோம்.

முதல் வருச முடிவில் எண்ணினேன். செத்தது 410. அதில் பெரும்பாதி முதல் இரண்டு நாள் நட்டது. நிழலில் காய்ந்தது பெரும்பாலும் துளிர்த்துவிட்டது. ஆழம் ஒரு அடி, சுற்றி மண்ணை நன்றாக மிதிக்க வேண்டும், ஆடினால் வேர் பிடிக்காது. தண்ணீர் அதிகம் ஊற்றக்கூடாது, உயிர்த்தண்ணீரோடு சரி, அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு வருசம் ஆடு கடிக்காமல் இருக்க வெளிப்பக்கம் சீமைக்கருவேல முள்ளை அடைத்தோம். வெட்டுகூலி, நடுகூலி, முள் அடைத்தது, செத்த இடத்தில் மறுநடவு எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய். அடிக்கு 32 ரூபாய் வருகிறது. இடைவெளியில் சங்கஞ்செடியும் இலந்தையும் தானாகவே பறவை போட்டு முளைத்திருக்கின்றன. பிரண்டையும் கோவையும் நான் ஏற்றிவிட்டேன்.

நம்மாழ்வார் ஐயா உயிர்வேலியை வலியுறுத்தியவர் என்பதால் நம் ஆட்களில் சிலர் அதில் குறையே இல்லை என்பது போலப் பேசுகிறார்கள். குறை இருக்கிறது. கிளுவை வேலி நாலடி அகலம் பிடிக்கும். நிலம் முழுக்கச் சுற்றி வைத்தால் என் மூன்று ஏக்கரில் பதினாறு சென்ட் வேலிக்கே போகும். வேலியை ஒட்டிய பயிர் வரிசை கொஞ்சம் சோர்ந்துதான் நிற்கும். வருசம் ஒரு கவாத்துக்கு ஆள் வேண்டும், முள் குத்துகிற வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஆள் நுழைய முடியாத வேலியாக மூன்று நாலு வருசம் ஆகும். அதுவரைக்கும் பொறுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி, கிழக்கே நான் இப்போது செய்கிறேன்: கம்பி வேலி அங்கே ஏற்கெனவே நிற்கிறது, அதற்கு உட்பக்கம் மூன்றடி தள்ளிப் போத்து நட்டுவருகிறேன். கம்பி துருப்பிடிக்கும் நேரத்துக்குக் கிளுவை தயாராகிவிடும். இதையே முதலில் செய்திருந்தால் கால் எட்டடிக்கு ஒன்று வேண்டாம், பன்னிரண்டடிக்கு ஒன்று போதும், வலை வேண்டாம், நாலு வரிசை முள்கம்பி போதும்.

கம்பியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழற்றிய வலையில் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. எங்கள் வட்டாரத்தில் தெருநாய்கள் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்து குதறிப் போடுவது உங்களுக்குத் தெரியும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் அதற்காக உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் தெரியும். நாய்க்கு முன்னால் உயிர்வேலி, முள்படல் எதுவும் நிற்காது. வீட்டையும் பட்டியையும் சேர்த்து 100 அடிக்கு 80 அடி, 360 அடிக்குக் கழற்றிய வலையையும் கால்களையும் வைத்துச் சுற்றினேன். புதிதாக வாங்கியது அடிப்பக்கம் ஓரடி மண்ணுக்குள் புதைக்கிற சிறு கண் வலை மட்டும். கால் முழுக்க இரண்டடி ஆழம், இந்தத் தடவை நானே குழிக்குள் குச்சி விட்டு அளந்தேன். கூலியும் புது வலையுமாக 31,000 ரூபாய் ஆனது. இதுவரை ஒரு குட்டியும் போகவில்லை. காசு இருப்பவர்கள் அந்த இடத்தில் 10 கேஜே போடலாம், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆக என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வீட்டுக்கும் பட்டிக்கும் கம்பி. ரோட்டோரம் வேண்டுமானால் கம்பி. மற்ற பக்கத்துக்கு முதல் மழைக்கு முன்னால் போத்து. சர்வேயருக்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு டீ.

நட்டு இரண்டு வருசம் ஆகிறது. மேற்கு வேலி என் நெஞ்சு உயரம் வந்திருக்கிறது. போன ஆடியில் காற்று இன்னும் உள்ளே வந்தது, ஆனால் ஓர வரிசையில் முறிந்தது பன்னிரண்டு மரம்தான். அண்ணன் திண்ணைக்கு இன்னும் வரவில்லை. போன மாதம் தன் பக்கம் கவாத்து பண்ணும்போது என் பக்கம் வளைந்திருந்த கிளைகளையும் சேர்த்து வெட்டி, இலையைத் தன் ஆட்டுக்குப் போட்டுக்கொண்டார். போத்தை மட்டும் நீளம் பார்த்து நறுக்கி, என் பக்கத்து வேப்ப மரத்தடி நிழலில் அடுக்கி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுக்குமேல் இருந்தது. கிழக்கு வேலிக்கு எனக்கு இன்னும் அத்தனைதான் பாக்கி.